கவச வாகன உதிரிபாகத்தை லைசென்ஸ் இல்லாமல் ஏற்றுமதி செய்யலாமா?

கேள்வி: கோவை கணபதியில் சிஎன்சி பட்டறை நடத்துகிறோம். ஜெர்மனி நிறுவனம் ஒன்று அலுமினிய பிராக்கெட் ஆர்டர் கொடுத்திருக்கிறது. கவச வாகனத்தின் மேல்மூடிக் கீலில் வரும் பாகம் என்று டிராயிங்கிலேயே போட்டிருக்கிறது. "டிபன்ஸ் ஏற்றுமதிக்கு இப்போது லைசென்ஸ் எல்லாம் எடுத்துவிட்டார்கள், வண்டி ஸ்பேர் என்று 8708 சுங்கக் குறியீட்டில் போட்டு அனுப்பிவிடலாம்" என்கிறார் எங்கள் கிளியரிங் ஏஜென்ட். சாம்பிள் பீஸ்கள் தயார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். சாம்பிளுக்குக் காசு வாங்கவில்லை என்றாலும் அது ஏற்றுமதிதான்.

உங்கள் ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தே அதில்தான். 2014-ல் மத்திய அரசு தொழில் உரிமம் தேவைப்படும் பாதுகாப்புப் பொருட்களின் பட்டியலைச் சுருக்கியபோது உதிரிபாகங்கள், வார்ப்புகள் போன்றவற்றைப் பெரும்பாலும் வெளியே எடுத்துவிட்டது. அதனால்தான் இந்த பிராக்கெட்டை நீங்கள் யாரிடமும் கேட்காமல் தயாரிக்க முடிகிறது. ஆனால் அது தயாரிப்பதற்கு. நாட்டை விட்டு வெளியே அனுப்புவதற்குச் சட்டம் வேறு: 1992-ன் அந்நிய வர்த்தகச் சட்டமும் அதன் கீழ் டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம்) வெளியிடும், அனுமதி வாங்கி ஏற்றுமதி செய்ய வேண்டிய பொருட்களின் ஸ்கோமெட் பட்டியலும். அந்தப் பட்டியலின் 6-ஆம் பிரிவு 2017-லிருந்து ராணுவத் தளவாடங்களுக்கானது, அதில் 6ஏ006 என்ற வரிசை தரை வாகனங்களையும் அவற்றின் பாகங்களையும் சொல்கிறது. இதற்கு அனுமதி தருவது டிஜிஎஃப்டி இல்லை, பாதுகாப்பு அமைச்சகத்தின் பாதுகாப்பு உற்பத்தித் துறை.

பொருள் பார்க்க எப்படி இருக்கிறது, என்ன உலோகம் என்பதெல்லாம் இங்கே முக்கியமில்லை. ராணுவப் பயன்பாட்டுக்கென்றே வடிவமைத்ததா, அல்லது அதற்காக மாற்றியமைத்ததா என்பதுதான் கேள்வி. கடையில் கிடைக்கிற போல்ட் ஒன்று டாங்கியில் போய் மாட்டினாலும் அது போல்ட்தான். உங்கள் பிராக்கெட் அப்படியில்லை, டிராயிங்கே சாட்சி சொல்கிறது. எச்எஸ் கோடு என்கிற சுங்கக் குறியீடும் அப்படியே: 8708 சாதாரண மோட்டார் வாகன பாகங்களுக்கு, டாங்கிக்கும் கவசப் போர் வாகனத்துக்கும் அவற்றின் பாகங்களுக்கும் 8710 என்று தனித் தலைப்பு இருக்கிறது. தெரிந்தே 8708 போட்டால் சுங்கச் சட்டப்படி சரக்கைப் பறிமுதல் செய்யலாம், அந்நிய வர்த்தகச் சட்டத்தில் சரக்கு மதிப்பின் ஐந்து மடங்கு வரை அபராதம் உண்டு, ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதிக்கான பதிவு எண்) முடங்கினால் உங்கள் மற்ற ஏற்றுமதியும் நின்றுபோகும். இதெல்லாம் ஏற்றுமதியாளரான உங்கள் தலையில்தான் வந்து விடியும்.

தளர்வு என்று உங்கள் ஏஜென்ட் சொல்வது, ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியே அனுமதி கேட்காமல் அனுப்ப 2019-ல் வந்த பொது ஏற்றுமதி உரிமமாக இருக்கலாம். ஜெர்மனி அந்த நாடுகள் பட்டியலில் இருக்கிறது, சரி. ஆனால் அதுவும் விண்ணப்பித்து வாங்க வேண்டிய உரிமம், குறிப்பிட்ட பொருட்களுக்கு மட்டும், வாங்கிய பிறகு காலாண்டுக் கணக்கும் கொடுக்க வேண்டும். உங்கள் பாகம் அதில் வருகிறதா என்று அதன் இணைப்புப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். (டிரோன் பாகம் செய்கிறவர்கள் கவனிக்க: ஆளில்லா விமானத்துக்கென வடிவமைத்த பாகங்களை 2019 உரிமத்தில் வெளிப்படையாகவே விலக்கியிருந்தார்கள்.)

ஆக, முதலில் வாங்குபவரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த வாகனம், இந்தப் பாகம் அதற்கென்றே வடிவமைத்ததா, கடைசியில் யார் பயன்படுத்தப் போகிறார்கள். அந்தப் பதில், பர்ச்சேஸ் ஆர்டர், தொழில்நுட்ப விவரம், இறுதிப் பயனர் சான்றிதழ் இவற்றோடு பாதுகாப்பு உற்பத்தித் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ் என்றதும் பலர் மலைத்துப்போகிறார்கள். முழுத் தளவாடத்துக்குத்தான் வெளிநாட்டு அரசின் கையெழுத்து, உதிரிபாகத்துக்கு அது வேண்டாம் என்று விதியைத் தளர்த்திப் பல வருடமாகிறது, வாங்கும் நிறுவனம் கொடுத்தால் போதும். இன்னொன்று, பிராக்கெட் மட்டுமில்லை, நீங்கள் திருத்திய டிராயிங்கை மெயிலில் அனுப்புவதும் தொழில்நுட்ப ஏற்றுமதியாகலாம், அதையும் விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள்.

இந்த இடத்தில் அரசிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. 2013-14-ல் 686 கோடி ரூபாயாக இருந்த பாதுகாப்பு ஏற்றுமதி 2024-25-ல் 23,622 கோடி, அந்த ஒரு வருடத்தில் மட்டும் 1,762 அனுமதிகள். வேகம் கூடியிருக்கிறது, சீர்திருத்தம் வேலை செய்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதன் பலனை எளிதாக எடுத்துக்கொள்வது சட்ட விதிகளைக் கவனிக்கவே தனிப் பிரிவு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள். பத்து பேர் வேலை செய்கிற பட்டறையில் லேத்தை ஓட்டுகிற முதலாளியே பட்டியலைப் படித்து, தன் பொருள் எந்த வரிசை என்று தீர்மானித்து, தப்பானால் அபராதமும் கட்ட வேண்டும் என்பது நியாயமில்லை. டிராயிங்கை அனுப்பினால் "இது பட்டியலில் வரும், வராது" என்று குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும், அந்தப் பதில் சுங்கத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையையும் சேர்த்துவிட்டு இதைச் செய்யாமல் விடக்கூடாது.

கடைசியாக ஒப்பந்தம். டெலிவரி நாளை ஆர்டர் தேதியிலிருந்து கணக்கிட ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏற்றுமதி அனுமதி கைக்கு வந்த நாளிலிருந்து என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள், அனுமதி மறுக்கப்பட்டால் தாமத அபராதம் இல்லாமல் ஆர்டர் ரத்தாகும் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் டிராயிங்கையும் ஒப்பந்தத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டிவிடுங்கள்.