ஓவியர் பதில்கள்: கேட்டு வரைவதும் தானாக வரைவதும்

நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில், தமிழும் மலையாளமும் பேசும் வாடிக்கையாளர்களுக்குப் படம் வரைந்து பிழைப்பவர்களிடமிருந்தும், செங்கோட்டைப் பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்கள் இம்முறை பதிலுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊர்ப்பெயர் மட்டும் தரப்படுகிறது.

கேள்வி: காலமான தம் தாயின் உருவப்படத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தரும்படி ஒருவர் கேட்டார். வாக்காளர் அட்டையில் இருந்த சிறிய படம் ஒன்றுதான் கிடைத்தது. முடித்துக் கொடுத்தபோது அவருக்குப் பிடித்திருந்தது. மறுநாள் அவருடைய சகோதரிகள் வந்து பார்த்து, ‘இது எங்கள் அம்மா இல்லை’ என்று சொல்லிவிட்டார்கள். பாக்கிப் பணம் வரவில்லை. படமும் என்னிடமே இருக்கிறது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? (இளம் ஓவியர், தக்கலை)

பதில்: உங்கள் கைத்திறனில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும்போது வெளிச்சம் நேருக்கு நேர் முகத்தில் விழுவதால் கன்னக் குழிவும் மூக்கோரத்து நிழலும் மறைந்து முகம் தட்டையாகிவிடுகிறது. அதைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கும்போது அந்தத் தட்டைத்தன்மையும் சேர்ந்தே பெரிதாகிறது. மகன் அட்டையோடு ஒப்பிட்டுத் திருப்தி அடைந்திருப்பார். மகள்களோ அடுப்படியிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும் இருந்து பார்த்த முகத்தைத் தேடியிருப்பார்கள். ஆகவே, ஆர்டர் கொண்டுவருபவர் ஒருவராக இருந்தாலும், அந்த வீட்டில் ‘ஆம், இதுதான்’ என்று சொல்லும் உரிமை யார் யாருக்கு உண்டு என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டறிந்து, அவர்கள் அனைவரோடும் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட வேண்டும். கல்யாண ஆல்பத்தில் கூட்டத்துக்கு நடுவே நிற்கும் படமோ, பேரக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் மங்கலான படமோ அப்படிப் பேசும்போதுதான் பீரோவிலிருந்து வெளியே வரும். இறந்தவரின் உடன்பிறந்தவர் உயிரோடு இருந்தால் அவருடைய முகத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தாடை எலும்பும் இமை மடிப்பும் பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே இருக்கும்.

நம் பக்கத்து மூத்த பெண்களை வரையும்போது காதைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். பாம்படம் அணிந்த தலைமுறையில் காது மடல் நீண்டு தொங்கியது. பிற்காலத்தில் பலர் அதை அறுத்துத் தைத்துக் கம்மல் போட்டுக்கொண்டார்கள். அட்டைப் படத்தில் தலைமுடியோ சேலை முந்தானையோ காதை மறைத்திருக்கும். ஓவியர் தம் ஊகத்தில் சிறிய காதும் கல் கம்மலும் வரைந்தால் முகத்தின் நீளமே மாறிப்போகும். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில், ஆச்சியின் காது தைத்த காது என்று இளைய மகளும், தொங்கிய காதுதான் என்று மூத்த மகளும் வாதிட்டார்கள். விசாரித்ததில், தைத்த பிறகு இடது காதில் மட்டும் தையல் விட்டுப்போய் மடல் மறுபடி பிளந்திருந்தது தெரியவந்தது. கரிக்கோட்டு வரைவில் அந்தப் பிளவைப் போட்டதும், அதுவரை விலகி நின்ற அவர்களுடைய சித்தி அருகில் வந்து, ‘இது எங்க அக்காளேதான்’ என்றார். வண்ணம் தொடங்கும் முன்பே படம் ஏற்கப்பட்டுவிட்டது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் கேன்வாஸின் அதே அளவில் தாளில் ஒரு கரிக்கோட்டு வரைவு. அதை எல்லாரும் பார்த்துத் திருத்தம் சொல்லி, ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாகத் தாளின் பின்புறம் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். பிறகே வண்ணம். பாதித் தொகையைத் தொடக்கத்திலும், கால் பங்கை வரைவு ஏற்கப்பட்டதும், மீதியைப் படத்தை ஒப்படைக்கும்போதும் வாங்குங்கள். வரைவு ஏற்கப்பட்ட பின் முகச் சாயலை மாற்றச் சொன்னால் அதற்குத் தனிக் கூலி என்பதையும் முன்னரே எழுதிவிடுங்கள். துக்க வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசுவது கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் பேசாமல் விட்ட இடத்தில்தான் மனத்தாங்கல் வருகிறது.

இப்போது இருக்கும் படமும் வீணாகிவிடவில்லை. எண்ணெய் வண்ணம் காய்ந்த பிறகு அதன்மேல் மறுபடி தீட்டலாம். மகள்களை அழைத்து உட்காரவைத்து, கண் இமை, வாயோரம், காது ஆகிய மூன்றையும் அவர்கள் சொல்லச் சொல்லத் தனித்தாளில் வரைந்து பாருங்கள். பெரும்பாலும் அந்த மூன்றில் ஒன்றில்தான் அம்மா தவறிப்போயிருப்பார்.

கேள்வி: ஒரு படத்துக்கு எவ்வளவு கேட்பதென்று தெரியாமல், வாடிக்கையாளர் கொடுப்பதையே வாங்கிக்கொள்கிறேன். சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று வைக்கலாமா? (வாசகி, செங்கோட்டை)

பதில்: இயற்கைக் காட்சிக்கு வைக்கலாம், உருவப்படத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சிறிய முகம் பெரிய முகத்தைவிட அதிக நேரம் எடுக்கும். கேன்வாஸ், வண்ணம், சட்டகம், வண்டிக்கூலி ஆகியவற்றைத் தனியே எழுதுங்கள். அதன்பின் எத்தனை நாள் வேலை என்பதைக் கணித்து, உங்கள் ஊரில் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு தேர்ந்த தொழிலாளியின் நாள் கூலிக்குக் கீழே உங்கள் நாளை மதிப்பிடாமல் கூலியைச் சேருங்கள். குடும்பப் படமென்றால் ஒவ்வொரு முகத்துக்கும் தொகை கூடும் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லும் விலையைக் கேட்டுச் சிலர் திரும்பிப் போவார்கள். போகட்டும்.

கேள்வி: பாறசாலையில் ஒரு கடைக்காரர் கேட்டுக்கொண்டபடி, ஓணத்தையொட்டி ஓர் ஓவியம் வரைந்து கொடுத்து முழுப் பணமும் பெற்றேன். இப்போது அதை நாட்காட்டியிலும் துணிப்பையிலும் அச்சிடுகிறார். ஓரத்தில் இருந்த என் கையெழுத்தும் வெட்டப்பட்டிருக்கிறது. அவருக்கு இந்த உரிமை உண்டா? (ஓவியர், களியக்காவிளை)

பதில்: உங்களுக்குக் கசப்பான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று வரையப்படும் ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வரையச் சொன்னவரே முதல் பதிப்புரிமையாளர். வரைந்த கைக்கே உரிமை என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆர்டர் படத்தைப் பொறுத்தவரை சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் நாட்காட்டி அச்சிடுவதை நீங்கள் தடுப்பது கடினம்.

ஆனால் கையெழுத்தை வெட்டியது வேறு விஷயம். அதே சட்டத்தின் 57ஆவது பிரிவு, பதிப்புரிமை யாரிடம் இருந்தாலும், ‘இது என் படைப்பு’ என்று உரிமை கோரவும், தம் மதிப்பைக் கெடுக்கும் வகையில் படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கவும் படைப்பாளிக்கு இடம் தருகிறது. தில்லி விஞ்ஞான் பவன் சுவரில் இருந்த தம் வெண்கலச் சிற்பத்தொகுதி பெயர்த்தெடுக்கப்பட்டுச் சேதமானதை எதிர்த்துச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளை அவரிடமே திருப்பித் தரவும் இழப்பீடாக 5 லட்சம் ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டது. அங்கே எதிர்த்தரப்பில் இருந்தது மத்திய அரசு. ஆகவே கடைக்காரருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, அடுத்த அச்சில் ஓவியரின் பெயரைச் சேர்க்கும்படி கேளுங்கள். அவர் மறுத்தால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இனிமேல் எழுதும் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் போதும்: படத்தைச் சுவரில் மாட்டுவதற்கு மட்டுமே கொடுக்கிறேன், பதிப்புரிமை என்னுடையது, அச்சிட வேண்டுமானால் தனியாகப் பேச வேண்டும். யாரும் கேட்காமல் நீங்களாக வரைந்து விற்ற படத்துக்கு நிலைமை தலைகீழ். கேன்வாஸை வாங்கியவர் பொருளைத்தான் வாங்கியிருக்கிறார். பதிப்புரிமை, எழுத்து மூலம் நீங்கள் மாற்றிக் கொடுக்காதவரை, உங்களிடமே இருக்கும். அப்படி மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது.

கேள்வி: ரவி வர்மாவின் ‘ஹம்ச தமயந்தி’யை நகலெடுத்துத் தரச் சொல்கிறார்கள். செய்வது முறையா? (ஓவியர், மார்த்தாண்டம்)

பதில்: செய்யலாம். ரவி வர்மா 1906இல் காலமானார். ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடுகிறது. 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தம் படங்களைக் கல்லச்சுப் பிரதிகளாக வீடுதோறும் கொண்டுசேர்த்தவர் அவர். ஆனால் அவருடைய கையெழுத்தைப் போடாதீர்கள். படத்தின் பின்புறம் ‘ரவி வர்மாவைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதி உங்கள் பெயரையும் ஆண்டையும் குறியுங்கள். கைப்பேசித் திரையைப் பார்த்து வரைய வேண்டாம். அந்த ஓவியம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. அவருடைய மூலப் படங்கள் பார்வைக்கு இருக்கும்போது ஒரு நாள் பஸ் ஏறிப் போய், புடவையின் நிழல் மடிப்பில் என்ன நிறம் போட்டிருக்கிறார் என்பதை நேரில் பாருங்கள்.

கேள்வி: பத்மநாபபுரம் அரண்மனையில் இருப்பதைப் போன்ற சுவரோவியம் வேண்டும் என்று கேரளக் குடும்பத்தார் கேட்கிறார்கள். நான் அக்ரிலிக்கில்தான் வரைவேன். அது ஏமாற்று ஆகுமா? (வாசகர், குலசேகரம்)

பதில்: சொல்லிவிட்டுச் செய்தால் ஆகாது. பழைய முறையில் சுண்ணாம்புப் பூச்சின் வெண்மையே வெள்ளை. சிவப்பும் மஞ்சளும் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும், கறுப்பு விளக்குப் புகையிலிருந்தும் எடுக்கப்பட்டன. அவுரி நீலத்தை மஞ்சளோடு சேர்த்துப் பச்சை செய்தார்கள். வேப்பம் பிசின் வண்ணத்தைப் பிடித்து நிறுத்தியது. அடுக்குமாடி வீட்டின் சிமென்ட் சுவரில் அது எளிதில் நடவாது. ‘பாணி பழையது, வண்ணம் அக்ரிலிக்’ என்று ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். நிறங்களை மட்டும் அந்தச் சில மண் நிறங்களுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் பளிச்சென்ற ஊதாவும் இளஞ்சிவப்பும் சேர்ந்தால் அந்தப் பாணியே குலைந்துவிடும்.

கேள்வி: ஆர்டர் வேலையே ஆண்டு முழுவதையும் தின்றுவிடுகிறது. எனக்காக ஒரு படம் வரைந்து நெடுநாள் ஆகிறது. ஆர்டரை விட்டுவிட்டால்தான் கலைஞனாக முடியுமா? (ஓவியர், நாகர்கோவில்)

பதில்: விட வேண்டாம். கோயம்புத்தூரில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, பத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி வேலை) முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்ற வருமானத்தில்தான் வாழ்ந்தார்கள்; அந்த வருமானம் இருந்ததால், விற்குமா என்று கவலைப்படாமல் தங்களுக்குத் தோன்றியதை வரைய முடிந்தது. உங்களுக்கு உருவப்படம் அந்த வேலையைச் செய்யட்டும். இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ரவி வர்மா பரோடா மன்னருக்காக வரைந்த 14 புராணப் படங்களும் ஆர்டர் படங்களே. அதற்காக அவர் வட இந்தியா முழுவதும் சுற்றி உடையும் அணியும் பார்த்து வந்தார். பிற்காலத்தில் அவருடையது என்று நாம் அடையாளம் கண்டுகொள்ளும் பாணி அந்தத் தேடலில் உறுதிப்பட்டது. கேட்டு வரையும் படத்துக்குள்ளும் நமக்கான தேடல் ஒன்று இருக்க முடியும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் நேரத்தைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. வாரத்தில் ஒரு நாளை ஆர்டர் படத்தைத் தொடாத நாளாக ஒதுக்கி, வாடிக்கையாளரிடம் ஒப்படைப்புத் தேதி சொல்லும்போதே அந்த நாளைக் கழித்துக் கணக்கிடுங்கள். சொந்தப் படத்துக்கு வேறொரு பலகையையும் வேறொரு தூரிகைக் கட்டையும் வைத்துக்கொண்டால் கை தானாகப் பழைய சாயலுக்குப் போகாது. வேளிமலையும் நெல்வயலும் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. முதல் படத்துக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை.

கேள்வி: மழைக்காலத்தில் எண்ணெய் வண்ணம் காய்வதில்லை. கேன்வாஸின் பின்புறம் பூஞ்சையும் பிடிக்கிறது. ஒப்படைக்கும் தேதி தவறிப்போகிறது. (வாசகி, குழித்துறை)

பதில்: குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு, ஆகவே இங்கே இந்தச் சிக்கல் ஆண்டில் இரண்டு முறை வரும். அடிப்பூச்சையும் முதல் வண்ணத்தையும் அக்ரிலிக்கில் முடித்து, அது நன்றாகக் காய்ந்ததும் மேலே எண்ணெய் வண்ணத்தைப் போடுங்கள். அக்ரிலிக் மேல் எண்ணெய் நிற்கும். எண்ணெய் மேல் அக்ரிலிக் நிற்காது. கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேல் அடுக்கில் கூடுதலாகவும் இருந்தால் பிற்பாடு வெடிப்பு வராது. சட்டகத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றோடும்படி பின்புறம் நான்கு மூலையிலும் சிறு தக்கைத் துண்டு ஒட்டிக் கொடுங்கள். இறுதி வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும் என்பதால், ‘படத்தை இப்போது தருகிறேன், வார்னிஷ் அடிக்கப் பிறகு வீட்டுக்கு வருவேன்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். லின்சீடு எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டோ, தண்ணீர் ஊற்றி மூடிய தகர டப்பாவில் போட்டோ அகற்றுங்கள்.