பதினேழு தாள்களும் ஒரு கொல்லாம்பழமும்

(சென்ற இதழில் அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப் பற்றி ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் எழுதினேன். வந்து சேர்ந்த கடிதங்கள் ஒரு கட்டு. முப்பத்தொரு வருடம் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்த முறை பக்கம் முழுவதும் அவருக்கே.)

முந்திரிப்பழம் தின்றதால் ஒரு கவிஞர் பிரேசிலிலேயே தங்கிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரில் எங்கே திரும்பினாலும் அந்தப் பழம்தான். தின்றவர் யாரும் இங்கே தங்கியதாகத் தெரியவில்லை. கதை விடுகிறீர்களா?
— ஒரு வாசகர், பண்ருட்டி

கதை இல்லை ஐயா. 1951 கடைசியில் சரக்குக் கப்பல் ஏறித் தென் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினார் பிஷப். அப்போது அவருக்கு நாற்பது வயது. நடுவில் ரியோவில் இரண்டு வாரம் இறங்கித் தெரிந்தவர்களைப் பார்ப்பதாக ஏற்பாடு. அங்கே கொல்லாம்பழத்தை (நீங்கள் சொல்லும் முந்திரிப்பழம்தான்) இரண்டு கடி கடித்தார். அவ்வளவுதான். முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது, கை வீங்கிப் பேனா பிடிக்க முடியவில்லை. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமாவும் தோல் அரிப்புமாக அவதிப்பட்ட உடம்பு அது. உப்புத் தொட்டுத் தின்றால் கமறாது என்று சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் பண்ருட்டிக்காரர் யாரும் இல்லை போலிருக்கிறது.

படுக்கையில் கிடந்தவரைக் கவனித்துக்கொண்டவர் லோட்டா டி மாசெடோ சோரெஸ் என்ற பிரேசில்காரப் பெண்மணி. இருவருக்கும் காதல் உண்டாயிற்று. பெட்ரோபோலிஸ் மலைப்பக்கம் சமாம்பாயாவில் தான் கட்டிக்கொண்டிருந்த வீட்டை ஒட்டி, பிஷப் உட்கார்ந்து எழுதுவதற்கென்றே ஓர் அறையையும் லோட்டா கட்டிக்கொடுத்தார். இரண்டு வாரப் பயணம் பதினைந்து வருடமாக நீண்டது. பழத்துக்கும் அதுதான் சொந்த ஊர். போர்ச்சுக்கீசியர் அங்கிருந்து கொண்டுவந்ததுதான் இன்று உங்கள் தோட்டத்தில் நிற்கிறது.

அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தபோது அந்த ஊரில் கொண்டாடினார்களா?
— ஒரு வாசகி, ஈரோடு

1956இல் பரிசு. உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. மறுநாள் அந்த வீட்டிலிருந்து காய் வாங்கப் போனவரிடம் காய்கறிக்காரர் கேட்டாராம், "பேப்பரில் நேற்று வந்தது உங்கள் வீட்டு அம்மாதானே?" ஆமாம், பரிசு வாங்கியிருக்கிறார் என்றதும் அவருக்கு ஒரே பூரிப்பு. "போன வாரம்தான் இன்னோர் அம்மா சீட்டுக் குலுக்கலில் சைக்கிள் ஜெயித்தார். என்னிடம் காய் வாங்குகிறவர்களுக்கெல்லாம் அதிர்ஷ்டம்தான்!" பின்னாளில் ஒரு பேட்டியில் இதைச் சொன்னவர் பிஷப்பேதான். பரிசைப் பற்றி அவர் சொன்னவற்றில் எனக்குப் பிடித்தது இந்த ஒன்றுதான்.

எங்களுக்குப் பாடமாக உள்ள 'ஒன் ஆர்ட்' கவிதைக்குப் பதினேழு வரைவுகள் உள்ளனவாம். பத்தொன்பது வரிக்குப் பதினேழு வரைவா? முடிந்த கவிதை கையில் இருக்கும்போது அடித்துத் திருத்திய தாள்களை எதற்காகப் பார்க்க வேண்டும்?
— ஒரு மாணவி, பாளையங்கோட்டை

பரீட்சைக்காக என்றால் பார்க்க வேண்டாம். ஆசை இருந்தால் ஒருநாள் பொறுமையாகப் பார். நான் பார்த்ததும் அச்சில் வந்த நகல்களைத்தான். அமெரிக்கா வரை போக எனக்கு யார் டிக்கெட் எடுத்துத் தருகிறார்கள்?

அது வில்லனெல் என்ற கட்டுப்பெட்டியான யாப்பு. முதல் வரியும் மூன்றாம் வரியும் மாறி மாறித் திரும்ப வந்துகொண்டே இருக்க வேண்டும். கவிதை முழுவதற்கும் இரண்டே இரண்டு இயைபு. வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்த மூச்சுமுட்டல் தெரியும். இழப்பது என்கிற கலை கைவரப் பெறுவது ஒன்றும் கடினமில்லை என்று வீறாப்பாகத் தொடங்கும். சாவி, வீணாய்ப்போன ஒரு மணி நேரம், அம்மாவின் கைக்கடிகாரம், மூன்று வீடுகள், இரண்டு நகரங்கள், ஒரு கண்டம் என்று இழந்தவற்றின் பட்டியல் பெரிதாகிக்கொண்டே போகும். கடைசியில் 'நீ' வந்து நிற்கும்.

முதல் தாளில் இந்த யாப்பே இல்லை. உரைநடை மாதிரி தட்டச்சு செய்த குறிப்பு அது. பொருள்களைத் தொலைப்பது எப்படி, தொலைக்கும் வரம், தொலைக்கும் கலை என்று மூன்று தலைப்புகள் வரிசையாக. முதலில் மூக்குக் கண்ணாடியை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தொலைத்துப் பழகலாம், இல்லையென்றால் பிடித்த பேனாவை, என்று சமையல் குறிப்பு போலப் போகும். போகிற போக்கில் ஓர் ஆள் வருகிறார். நடுத்தர உயரம், அப்படியொன்றும் பேரழகில்லை, கண்களைத் தவிர. நீலக் கண்கள்.

அந்தக் கண்களை விட அவருக்கு மனமே வரவில்லை. இரண்டாம் தாளில் கையெழுத்தில் யாப்பு வந்துவிடுகிறது, ஓரத்தில் இயைபுக் கணக்கும் போட்டிருக்கிறார். அங்கேயும் அந்தக் கண்ணை ஒரு நீலப் பூவாக்கி இயைபுக்குள் திணித்துப் பார்க்கிறார். வேறு சில தாள்களில், மேலே எழுதியதெல்லாம் பொய் என்று வெடித்துவிடுகிறார். அச்சில் வந்த கவிதையில் கண்ணும் இல்லை, பூவும் இல்லை. வேடிக்கையாகப் பேசும் ஒரு குரல், தனக்குப் பிடித்த ஒரு சைகை, அவ்வளவுதான் மிச்சம். 'எல்லாம் பொய்' என்று கத்தியது, 'நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன்' என்று தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. கடைசி வரியில் அடைப்புக்குறிக்குள் 'எழுது!' என்று தன்னையே அதட்டுகிறாரே, அது முதலில் 'சொல்லு!' என்றுதான் இருந்தது. சொல்லிவிட்டால் காற்றோடு போய்விடும். எழுதினால் நாளைக்கும் இருக்கும். அந்த ஒரு சொல்லை மாற்றியதற்காகவே பதினேழு தாளும் தகும் என்பேன்.

எழுதியது 1975இல். பிற்காலத் துணைவி ஆலிஸ் மெத்ஃபெசல் தன்னை விட்டுப் போய்விடுவார் என்று பிஷப் பயந்திருந்த நாட்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் 'நியூ யார்க்கர்' பத்திரிகையில் கவிதை வெளிவந்தது. ஆலிஸ் திரும்பி வந்தார், 1979இல் பிஷப் இறக்கும்வரை கூட இருந்தார். உன் பேராசிரியர் இதைச் சொன்னாரா?

பதினேழைக் கேட்டே மலைத்துவிட்டாய். 1946இல் பஸ் பயணம் ஒன்றில் சாலையை மறித்து நின்ற மூஸ் மானைப் பற்றிய கவிதை 1972இல்தான் அச்சேறியது. உயிரோடிருந்தபோது அவர் வெளியிட்ட கவிதைகள் மொத்தமே நூறு சொச்சம். எழுதி முடியாதவற்றைச் சுவரில் குத்தி வைத்து, பொருந்துகிற சொல்லுக்காக இடம் விட்டு வருடக்கணக்கில் காத்திருப்பாராம். நண்பர் ராபர்ட் லோவல் அதையே ஒரு கவிதையாக எழுதியிருக்கிறார்.

அந்தத் தாள்களெல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன?
— ஒரு வாசகர், திருச்சி

நியூயார்க் மாநிலத்தில் பொகீப்சி என்ற ஊரில், அவர் படித்த வாசர் கல்லூரியின் நூலகத்தில். 1981இல் விலை கொடுத்து வாங்கினார்கள். 3,500 பக்கங்களுக்கு மேல் வரைவுகள், குறிப்பேடுகள், கடிதங்கள்.

கடிதத்தில் ஒரு விசேஷம் உண்டு. எழுதியவரிடம் அது இருக்காது, பெற்றவரிடம் இருக்கும். ஆகவே மூத்த கவிஞர் மரியான் மூர் பிஷப்புக்கு எழுதியவை வாசரில். பிஷப் மூருக்கு எழுதியவை, மூரின் தாள்களோடு பிலடெல்ஃபியாவில் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில். ஒரு பேச்சு வார்த்தையின் இரண்டு பாதியும் இரண்டு ஊரில் கிடக்கும். நகல் எடுத்து எதிரெதிரே வைத்துப் படிப்பதுதான் ஆய்வாளர்களின் பிழைப்பு.

இந்த இருவரையும் அறிமுகம் செய்துவைத்தது யார் தெரியுமா? வாசர் கல்லூரியின் நூலகர் ஃபேனி போர்டன். 1934இல், நியூயார்க் பொது நூலகத்தின் வாசிப்பறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் சந்திப்பு. நூலகர்களைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

செத்துப்போனவர்களின் சொந்தக் கடிதங்களை அச்சுப்போட்டு விற்பது நியாயமா? அவருக்கே இது பிடித்திருக்குமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

இதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. பிஷப்பிடமும் ஒரே பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

1972இல் லோவல் ஒரு கவிதைத் தொகுப்பின் கைப்பிரதியை அவருக்கு அனுப்பினார். வேறொரு பெண்ணுக்காகத் தான் விட்டு வந்த மனைவி எலிசபெத் ஹார்ட்விக்கின் கடிதங்களை, அவர் அனுமதியில்லாமல், அங்கங்கே சொல்லை மாற்றிக் கவிதையாக்கியிருந்தார். பிஷப் கொதித்துப்போனார். சொந்த வாழ்க்கையை எழுதிக்கொள், எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் இது நம்பிக்கைத் துரோகம் இல்லையா என்று கேட்டு, கலைக்கு அவ்வளவு விலையெல்லாம் கிடையாது என்று எழுதினார். லோவல் அங்கே இங்கே மாற்றி, 1973இல் வெளியிட்டுவிட்டார். மறு வருடம் அதற்குத்தான் புலிட்சர்.

இதே பிஷப்தான் 1971இல் ஹார்வர்டில் கடிதங்களையே பாடமாக வைத்து வகுப்பெடுத்தவர். கார்லைலின் மனைவி, செகாவ், கீட்ஸ், தன் கிரேஸ் சித்தி, தெருவில் கிடந்து எடுத்த ஒரு கடிதம் என்று அதற்குப் பட்டியல் போட்டிருக்கிறார். தெருவில் கிடந்ததை எழுதியவரிடம் யார் போய் அனுமதி கேட்டது?

அவர் போன பிறகு எல்லாம் வந்துவிட்டது. லோவலும் அவரும் எழுதிக்கொண்ட 459 கடிதங்கள் 2008இல் ஒரே தொகுப்பாக வந்தன. முடிக்காமல் விட்ட கவிதைகளை 2006இல் ஆலிஸ் குவின் பதிப்பித்தபோது விமர்சகர் ஹெலன் வெண்ட்லர் சீறினார். பிஷப்பே ஒதுக்கிவைத்தவை இவை என்பது வெண்ட்லரின் வாதம். ஆலிஸ் மெத்ஃபெசல் 2009இல் இறந்த பின், அவரிடமிருந்த கட்டுகளும் வாசருக்கு வந்தன. 1947இல் தன் மனநல மருத்துவருக்கு பிஷப் எழுதிய கடிதங்கள் அவற்றில் உண்டு. மருத்துவரிடம் சொன்னது. அதைப் படித்தபோது எனக்கே அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. படிக்காமலும் விடவில்லை.

எங்கள் வீட்டில் கடிதங்களைக் குத்தி வைக்கும் கம்பி ஒன்று நிலைப்படி ஓரம் தொங்கும். அப்பா போன பிறகு வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில், நூலகர் நானே, அந்தக் கம்பியை உருவிப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டேன். அடியில் கல்யாணமான புதிதில் அம்மா அப்பாவுக்கு எழுதிய இன்லண்டு கடிதங்கள் இருந்தன என்பது சாயங்காலம்தான் உறைத்தது. ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையானவள் இல்லை.

பெண் கவிஞர்கள் தொகுப்பு எதிலும் அவரைக் காணோமே?
— ஒரு வாசகி, மதுரை

அவர்தான் மறுத்துவிடுவார். ஆணுக்கொரு பந்தி பெண்ணுக்கொரு பந்தி என்று கவிதைக்குப் போடக் கூடாது என்பது அவர் கட்சி. பெண்ணுரிமைக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். தன்னைப் பெண்ணியவாதி என்றுதான் சொல்லிக்கொண்டார்.

'ஒன் ஆர்ட்' கவிதையில் அம்மாவின் கைக்கடிகாரம் ஒரே வரியில் வந்து போய்விடுகிறது. அம்மாவைப் பற்றி வேறு எதுவும் எழுதவில்லையா?
— ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

எழுதினார், கதையாக. பிஷப் பிறந்தது 1911இல், அமெரிக்காவின் வூஸ்டரில். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்தார். அம்மாவுக்கு மனம் பேதலித்தது. 1916இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அப்போது மகளுக்கு ஐந்து வயது. அம்மா இறந்தது 1934இல். இடைப்பட்ட பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பாட்டி வீடு கிரேட் வில்லேஜ் என்ற சிற்றூர். அந்த ஊரை வைத்து பிரேசிலில் உட்கார்ந்து எழுதியதுதான் 'இன் தி வில்லேஜ்' என்ற கதை. 1953இல் வெளிவந்தது. அதில் பாட்டி வாராவாரம் அம்மாவுக்குப் பொட்டலம் கட்டுவார். சுருக்கம் நீவிய பழைய தாளைச் சுற்றி, மருத்துவமனை விலாசத்தை அழியாத ஊதாப் பென்சிலால் தன் கையாலேயே எழுதுவார். திங்கட்கிழமை மத்தியானம் அந்தக் குழந்தைதான் தபால் நிலையத்துக்கு எடுத்துப் போக வேண்டும். வழியில் கொல்லன் பட்டறை. கொல்லன் பார்த்துவிடக் கூடாதே என்று பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கி, ஒரு கையாலும் இன்னொரு கையாலுமாக விலாசத்தை மறைத்துக்கொண்டு அது நடக்கும்.