அலுமாரிக்குள் இரண்டு லட்சம்

வணக்கம். கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். 2022 தைப்பொங்கல் முடிந்த கையோடு மனைவியின் தம்பிக்கு இரண்டு லட்சம் ரூபா கைமாற்றாகக் கொடுத்தேன். அப்போது டொலர் 200 ரூபா. அந்த வருடக் கடைசியில், டொலர் 360ஐத் தாண்டி நின்றபோது, அதே இரண்டு லட்சத்தை என்வலப்பில் போட்டுக் கொண்டுவந்து தந்தான். கணக்குப் பார்த்தால் ஆயிரம் டொலர் கொடுத்து ஐந்நூற்றைம்பது வாங்கியிருக்கிறேன். கோபத்தில் அந்த என்வலப்பை இன்றுவரை தொடவில்லை, அலுமாரியில் கிடக்கிறது. இப்போது ஓட்டோ லீசிங்குக்கு முற்பணம் கட்ட மூன்று லட்சம் கேட்கிறான். மனைவி கொடுக்கச் சொல்கிறாள். கொடுக்கலாமா? மிச்சக் காசை நிலையான வைப்பில் போடுவதா, தங்கம் வாங்குவதா? மத்தியானம் கடையில் சாப்பிடுவதில்லை என்று கந்தோரில் என்னைக் கஞ்சன் என்கிறார்கள். அது சரியா?

அன்புள்ள தம்பிக்கு,

கஞ்சன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வீட்டுச் சோறு கட்டிக்கொண்டு போகிறவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இருபத்தைந்தாம் திகதிக்கு மேல் உங்களிடம்தான் ஆயிரம் ரூபா கைமாற்றுக் கேட்டு வருவார்கள். விடுங்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் அம்மாவின் காப்பை மகளுக்குக் கொடுப்பதற்காக வெளியே எடுத்திருந்தேன். ஒற்றைக் காப்பு. மற்றது எங்கே என்று அவள் கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கி பாதியில் நிறுத்தியிருந்தேன், அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

முதலில் உங்கள் டொலர்க் கணக்கு. நீங்கள் மச்சானுக்குக் கொடுத்தது டொலரா? ரூபாதானே. கொடுக்காமல் விட்டிருந்தால் அந்தக் காசு எங்கே இருந்திருக்கும்? சேமிப்புக் கணக்கில், ஏதோ சில்லறை வட்டியோடு. வருடக் கடைசியில் நீங்களே போய் எடுத்திருந்தாலும் அதே இரண்டு லட்சமும் கொஞ்சமும்தான் கைக்கு வந்திருக்கும். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம். ஜனவரியில் 2,675 ரூபாவுக்கு எடுத்த பெரிய காஸ் சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ஆனது, அதுவும் கியூவில் நின்றால்தான். ஏப்ரல் 12ஆம் திகதி நாடே வாங்கிய வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று கையை விரித்தது. நாடு தின்ற காசை மச்சானின் பற்றில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அவன் அந்த வருடத்தில் சொன்னபடி காசைத் திருப்பிக் கொண்டுவந்தானே, அது எத்தனை பேர் செய்த காரியம்?

அடுத்தது அந்த என்வலப். இதில்தான் எனக்குக் கெட்ட கோபம் வந்தது. 2022 கடைசியில் ஒரு வருட வைப்புக்கு இருபது வீதத்துக்கு மேல் கொடுத்த வங்கிகள் இருந்தன. அன்றைக்கே கொண்டுபோய்ப் போட்டிருந்தால் ஒரு வருடத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல் வந்திருக்கும். இப்போது பெரும்பாலான வங்கிகளில் வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது, இனி ஓடினாலும் அது கிடைக்காது. மச்சானால் போன காசுக்கு டொலரில் கணக்கு, உங்கள் ரோசத்தால் போன காசுக்குக் கணக்கே இல்லையா? அலுமாரியைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் சாறிக்கும் சேட்டுக்கும் நடுவில் அது தெரிந்திருக்கும், உங்கள் மனைவியும் பார்த்திருப்பாள். பாவம் அந்தப் பிள்ளை.

காப்புக் கதைக்கு வருகிறேன். எண்பதுகளின் கடைசி, நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் மேல்மாடியில் இருந்தோம். கீழ்வீட்டு மாமிக்கு மகனை வெளிநாடு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டக் காசு வேண்டும். அம்மாவிடம் காசு ஏது? கையிலிருந்த காப்புச் சோடியைக் கழற்றிக் கொடுத்தார், அடைவு வைத்து எடுங்கோ என்று. அந்தக் காலத்தில் இப்படித்தான் நடக்கும். வாங்கினவர் வட்டியைக் கட்டி மீட்டு நகையாகவே திருப்பித் தருவார். பொருளாதாரம் படித்தவர்கள் யோசித்துப் பார்க்கலாம்: தங்கமாகப் போய்த் தங்கமாக வருகிறது, இடையில் ரூபா விழுந்தால் என்ன எழும்பினால் என்ன. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. காசு இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொன்னார். "வசதி வரேக்க மீட்டுத் தாங்கோ."

இந்த வார்த்தையை நான் வெறுக்கிறேன். வசதி எப்போது வரும்? கொடுத்தவரின் மனதில் ஆறு மாதம் இருக்கும், வாங்கினவரின் மனதில் மகன் போய், வேலை எடுத்து, கடனெல்லாம் கட்டி, அதற்குப் பிறகு. இரண்டு பேரும் வேறு வேறு கலண்டரைப் பார்த்துக்கொண்டு ஒரே படியில் ஏறி இறங்குவார்கள். பெருந்தன்மை என்று நினைத்துத்தான் சொல்கிறோம். உண்மையில் திகதி கேட்க வெட்கம். மாமி ஒரு காப்பை மீட்டுக் கொடுத்தார். மற்றது வட்டி கட்டாமல் ஏலத்தில் போய்விட்டது. அதை அவர் சொல்லவில்லை, அம்மா கேட்கவும் இல்லை. கேட்பதற்குப் பதிலாக ஜன்னலில் நிற்கத் தொடங்கினார். மாமி சந்தையால் வரும்போது பையைப் பார்ப்பார். "இண்டைக்கு இறால்" என்பார், தனக்குத்தானே. வெள்ளிக்கிழமைகளில் மயூரபதி அம்மன் கோயிலுக்கு இருவரும் சேர்ந்து போவது நின்றது. மாமி புதுச்சேலை கட்டினால் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு சத்தமில்லாமல் நடக்கும்.

அம்மா போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் மாமியைக் கண்டேன். அவராகவே காப்புக் கதையை எடுத்தார். "உங்கட அம்மா ஒருநாளும் கேக்கேல்லை. அவவுக்குத் தேவையில்லையாக்கும் எண்டு நினைச்சிட்டன், மோனே." நடிப்பில்லை. அப்படியே நம்பியிருக்கிறார். எனக்கு அம்மா மேல்தான் ஆத்திரம் வந்தது, அந்த ஜன்னலில் நின்ற நேரத்துக்குப் பத்துப் படி இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று. நீங்களும் மூன்று வருடமாக அதே ஜன்னலில்தான் நிற்கிறீர்கள், தம்பி, கொட்டாஞ்சேனையில்.

என்ன கேட்டீர்கள்? ஓட்டோ. மச்சானைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்து 2022 கணக்கை வாய்விட்டுச் சொல்லுங்கள், அந்த நானூற்றைம்பது டொலரைக் கேட்காமல். சிரித்துக்கொண்டு சொல்ல முடிந்தால் காசு கொடுக்கலாம், முடியாவிட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கொடுப்பதானால் மாதத் தவணை எவ்வளவு, கட்டியது போக வீட்டுக்கு என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். கேட்காமல் விட்டால் நாலு மாதத்தில் அவன், நாளுக்கு நாள் வட்டி ஏறும் மீற்றர் வட்டிக்காரனிடம் நிற்பான். உங்களுக்கு எப்போது, எத்தனை தடவையில் வர வேண்டும் என்பதை ஒரு கொப்பி ஒற்றையில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும்.

தங்கமா வைப்பா என்பதற்கு நான் ஆள் இல்லை. ஒன்று மட்டும் தெரியும், வங்கி முறிந்தால் காசைத் திருப்பித் தரும் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் வரைதான், அதற்கு மேல் இருந்தால் பிரித்துப் போடுங்கள். மற்றதை வங்கியில் கேளுங்கள். எப்படியும் அந்த என்வலப்பை எடுத்துக்கொண்டு போகத்தானே போகிறீர்கள். நாளைக்குப் போகாதீர்கள், போயா விடுமுறை, பூட்டியிருக்கும்.