முதலில் குழந்தை, அப்புறம் வழக்கு

திருமணம் ஆகாமல் பிறந்த உங்கள் மூன்று வயது மகளை, அவள் அம்மாவுடன் இப்போது இருப்பவர் அடிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் பதறிவிட்டேன் நண்பரே. வக்கீலைத் தேடுவதற்கு முன், இன்றே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். நீங்களே போய்த் தூக்கி வந்துவிடாதீர்கள், அது உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படிப் பிறந்த குழந்தைக்கு முதல் காப்பாளர் தாய்தான். அவருக்குப் பிறகே தந்தை. ஆனாலும் வழி இருக்கிறது. 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்கீழ் குடும்பநல நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். அங்கே குழந்தையின் நலனைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் தந்தையே இல்லை என்று குழந்தையின் தாய் மறுத்தால் டிஎன்ஏ பரிசோதனைக்கு உத்தரவு கேட்கலாம். பணம் அனுப்பிய ரசீது, சேர்ந்து எடுத்த படங்கள், எதையும் அழிக்காதீர்கள்.