வலெட்டாவில் எதை, எங்கே நின்று பார்ப்பது? – கேள்வி பதில்

மால்டாவின் தலைநகர் வலெட்டாவில் உள்ள அருங்காட்சியகங்களைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, கப்பல் பயணத்தில் வருகிறோம். வலெட்டாவில் அரை நாள்தான் கிடைக்கும். ஒரே ஓர் இடம் என்றால் எங்கே போவது?

பதில்: புனித யோவான் இணைப் பேராலயம். யோசிக்கவே வேண்டாம். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கப்பலில் வந்த மற்றவர்களும் அங்கேதான் வந்து சேர்வார்கள். உள்ளே நுழைந்ததும் சுவரெங்கும் தங்கப் பூச்சு கண்ணைப் பறிக்கும். அதைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆரட்டரி எனப்படும் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போங்கள். இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ‘திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படுதல்’ ஓவியம் அங்கே இருக்கிறது.

கேள்வி: அந்த ஓவியத்தை இணையத்தில் பெரிதாக்கியே பார்த்துவிட்டேன். நேரில் பார்ப்பதில் அப்படி என்ன கூடுதல்?

பதில்: நிறைய இருக்கிறது. 1608-ல் இந்தக் கூடத்துக்கென்றே வரையப்பட்ட ஓவியம் அது. இன்றும் அங்கேயே இருக்கிறது. அகலம் 5 மீட்டருக்கு மேல், உயரம் மூன்றரை மீட்டருக்கு மேல். உருவங்கள் ஏறக்குறைய ஆளுயரம் இருப்பதால், சிறை முற்றத்தின் வாசலில் நாமும் நிற்பதுபோல ஆகிவிடுகிறது.

முதலில் கொலையாளியின் கையைப் பாருங்கள். வாள் தரையில் கிடக்கிறது, வெட்டியாகிவிட்டது. ஆனால் தலை முழுதாகப் பிரியவில்லை. மிச்சத்தை அறுக்க முதுகுப் பக்கம் செருகியிருக்கும் குறுவாளை நோக்கி அவன் கை போகிறது. சிறைக் காவலன் தட்டைச் சுட்டிக்காட்டுகிறான். ஒரு பெண் தலையை வாங்கத் தட்டுடன் குனிகிறாள். கிழவி ஒருத்தி மட்டும் தன் தலையைக் கைகளால் பிடித்துக்கொண்டு பதைக்கிறாள். இத்தனை பேரும் இடது பாதியில் நெருக்கியடித்து நிற்க, வலது பாதியில் வெறும் சுவர், ஒரு கயிறு, கம்பிச் சன்னலில் எட்டிப் பார்க்கும் இரண்டு கைதிகள். அந்த வெற்றிடத்தைக் கைபேசித் திரையில் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். நேரில் நிற்கும்போது மனத்தை அழுத்துவதே அதுதான்.

பிறகு யோவானின் கழுத்திலிருந்து வழியும் இரத்தத்தைக் கவனியுங்கள். அந்தச் சிவப்பிலேயே ஓவியர் தம் பெயரை எழுதியிருக்கிறார். அவருடைய ஓவியங்களில் கையெழுத்து உள்ளது இது ஒன்றுதான். அதே ஆண்டு ஜூலையில்தான் அவர், அன்று தீவை ஆண்ட போர்த்துறவிகளின் அமைப்பான மால்டா வீரத்துறவியர் சபையில் சேர்க்கப்பட்டார். சில வாரங்களிலேயே ஒரு கைகலப்பில் சிக்கி, செயின்ட் ஆஞ்சலோ கோட்டையில் அடைபட்டு, அங்கிருந்து தப்பி சிசிலிக்கு ஓடினார். டிசம்பர் 1-ம் தேதி சபை கூடி, அவர் இல்லாமலேயே அவரை விலக்கித் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வாசிக்கப்பட்டது இதே கூடத்தில், இதே ஓவியத்தின் முன்னால். இவ்வளவும் நடந்த தரையில் நின்றுகொண்டு பார்க்க வேறு எந்த நகரத்துக்குப் போவது?

கேள்வி: கரவாஜியோவின் புனித ஜெரோம் ஓவியம் களவு போனது என்று படித்தேன். இப்போது இருப்பது அசல்தானா?

பதில்: அசல்தான். 1984-ல் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்துப் போனார்கள், 1987-ல் மீட்கப்பட்டது. இணைப் பேராலயத்துக்கே திரும்பி வந்துவிட்டது.

கேள்வி: பேராலயத்துக்குள் போக உடைக் கட்டுப்பாடு உண்டா?

பதில்: தோள் மூடியிருக்க வேண்டும். கூர்மையான குதிகால் செருப்புக்கு அனுமதி இல்லை. காரணம், தரை முழுவதும் வண்ணப் பளிங்கு பதித்த ஏறக்குறைய 400 கல்லறைக் கற்கள். சபை வீரர்களின் குலச் சின்னங்கள், அரிவாள் ஏந்திய எலும்புக்கூடுகள், மணற்கடிகைகள் என்று ஒவ்வொன்றும் தனிச் சித்திரம். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அண்ணாந்து பார்க்கவும் மறக்காதீர்கள். விதானத்து ஓவியங்களை இத்தாலிய ஓவியர் மாத்தியா பிரேத்தி 1660-களில் சுண்ணாம்புக் கல்லின்மேல் நேரடியாக எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். சன்னலோரத்து உருவங்களைச் சிலை என்றே நினைப்பீர்கள். அவற்றின் நிழலும் தீட்டியதுதான்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் கிடைக்குமா ஐயா?

பதில்: அரசின் ஹெரிட்டேஜ் மால்டா அமைப்பு பல இடங்களுக்கும் சேர்த்து ஒரு பாஸ் தருகிறது. மூன்று நான்கு இடங்கள் பார்ப்பதாக இருந்தால் வாங்கலாம். பேராலயம் அதில் சேராது. நிலத்தடிச் சமாதியான ஹைப்போஜியமும் சேராது.

கேள்வி: அந்த ஹைப்போஜியத்துக்கு டிக்கெட் கிடைக்கவே இல்லை. ஏன் இவ்வளவு கெடுபிடி?

பதில்: நம் மூச்சுக் காற்றே அதற்குப் பகை. பாவ்லா என்னும் பக்கத்து ஊரில், பாறையைக் குடைந்து மூன்று அடுக்காக அமைத்த இடம் அது. 1902-ல் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது வெளிப்பட்டது. 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட செங்காவி வண்ணக் கோலங்கள் இன்னும் கூரையில் இருக்கின்றன. ஈரமும் கரியமில வாயுவும் கூடினால் அவை அழிந்துபோகும். அதனால் ஒரு முறைக்குப் பத்துப் பேரை மட்டுமே விடுகிறார்கள். விமான டிக்கெட் எடுக்கும் நாளிலேயே இதற்கும் பதிவு செய்துவிடுங்கள். கெடுபிடி எனக்கு முழுச் சம்மதம்.

கிடைக்கவில்லையென்றால் ரிபப்ளிக் தெருவில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அந்தச் சமாதியிலிருந்து எடுத்த ‘உறங்கும் பெண்’ அங்கே இருக்கிறாள். ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நீளம். உள்ளங்கையில் அடங்கிவிடும் சுடுமண் உருவம். பருத்த இடுப்பு, சின்னஞ்சிறு பாதம். தலைக்குக் கையை அண்டக் கொடுத்து ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். உடல் பாரத்தில் கட்டில் நடுவே தொய்ந்திருப்பதைக்கூட அந்தக் குயவர் விடவில்லை. உறக்கமா, மரணமா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

கேள்வி: தார்ஷீன் என்னும் இடத்துக் கற்காலக் கோயில்களுக்கே போகிறோம். பிறகு இந்த அருங்காட்சியகம் எதற்கு?

பதில்: அங்கே நீங்கள் பார்க்கும் சுருள் வேலைப்பாட்டுக் கற்களில் பல நகல்கள். வெயிலும் மழையும் அரித்துவிடக் கூடாது என்று அசலை அருங்காட்சியகத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். செதுக்கு வேலையின் கூர்மையை இங்கே பாருங்கள். அது நின்ற இடத்தின் அளவை அங்கே போய் உணருங்கள். ஒன்றைப் பார்த்தால் மற்றது தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எட்டு வயதுப் பையன் ஓவியமெல்லாம் பார்க்கமாட்டான். அவனை எங்கே கூட்டிப்போவது?

பதில்: செயின்ட் எல்மோ கோட்டையில் உள்ள தேசியப் போர் அருங்காட்சியகம். 1565-ல் மால்டாவை முற்றுகையிட்ட ஒட்டோமான் துருக்கியப் படையை ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடித்து, ஜூன் 23-ல் விழுந்த கோட்டை அது. முற்றுகை முறிந்த மறு ஆண்டில்தான் வலெட்டா நகரத்துக்கே அடிக்கல் நாட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் தீவைக் காத்த கிளாடியேட்டர் ரகப் போர் விமானம் ஒன்றின் உடற்பகுதி இறக்கைகள் இல்லாமல் அங்கே நிற்கிறது. பையன் அதைவிட்டு நகரமாட்டான். 1942-ல் பிரிட்டிஷ் மன்னர் தீவு முழுவதற்குமாக வழங்கிய ஜார்ஜ் கிராஸ் என்னும் வீரப் பதக்கமும் அங்கேதான். ‘மேல் பரக்கா’ என்னும் தோட்டத்தின் கீழே சரியாகப் பகல் 12 மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள், அதையும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு முழங்கால் வலி. ஊர் முழுக்கப் படிக்கட்டு என்கிறார்களே?

பதில்: குறுக்குத் தெருக்கள் அப்படித்தான். ரிபப்ளிக் தெரு மேட்டின் முதுகில் போவதால், நகர வாயிலிலிருந்து தொல்லியல் அருங்காட்சியகமும் பேராலயமும் சிரமமில்லாத நடை. துறைமுகத்திலிருந்து மேலே வர லிஃப்ட் இருக்கிறது. கோட்டைக்கு மட்டும் கடைசியில் நல்ல இறக்கம்; திரும்புவதற்கு டாக்சி பிடியுங்கள். தொல்லியல் அருங்காட்சியகத்தின் கற்காலப் பொருள்கள் தரைத்தளத்திலேயே இருக்கின்றன.

கேள்வி: முசா என்னும் கலை அருங்காட்சியகம் பார்க்க வேண்டியதுதானா?

பதில்: இரண்டாவது நாள் இருந்தால் பாருங்கள். சபையின் இத்தாலியப் பிரிவினர் தங்கிய பழைய மாளிகையில் 2018-ல் திறந்தார்கள். பிரேத்தியை அங்கே கண்ணுக்கு நேர் உயரத்தில் பார்க்கலாம். பேராலயத்தில் கழுத்து வலித்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆங்கில ஓவியர் டர்னர் வரைந்த வலெட்டா துறைமுக நீர்வண்ண ஓவியத்தையும் தேடிப் பாருங்கள். அவர் மால்டாவுக்கு வந்ததே இல்லை. அதைப் பார்த்துவிட்டு மேல் பரக்கா தோட்டத்துக்குப் போய் அசல் துறைமுகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.