அந்தத் தம்பியை எங்கே போய்த் தேடுவது?

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எங்களுக்குப் பெரம்பலூர் பக்கம். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், புண்ணாக்கு மூட்டை வாங்கிக்கொண்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்த அப்பாவை நாலுவழிச் சாலையில் ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பின்னால் பைக்கில் வந்த ஒருவர்தான் நிறுத்தி, 108க்குப் போன் பண்ணி, ஆம்புலன்ஸில் கூடவே ஏறி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அப்பாவின் போனிலிருந்து எங்களுக்குத் தகவல் சொன்னதும் அவர்தான். சட்டையெல்லாம் ரத்தமாக நின்ற அவரைப் பார்த்ததும், இவர்தான் இடித்தவர் என்று என் தம்பி நினைத்துவிட்டான். எல்லார் முன்னாலும் சட்டையைப் பிடித்து, சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லி, கன்னத்தில் அறைந்தும் விட்டான். அவர் பதில் பேசவில்லை. கையிலிருந்த மஞ்சப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பையில் அப்பாவின் செருப்பு ஜோடி, கர்சீப்பில் சுற்றிய மூக்குக்கண்ணாடி, 4,300 ரூபாய், எல்லாம் அப்படியே இருந்தன. மூன்றாம் நாள் அப்பாவுக்கு நினைவு தெளிந்தது. "தலை அசையாமல் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, தூங்காதீங்கய்யான்னு என் மாடுங்க பேரையெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்துச்சே, அந்தத் தம்பி எங்கே?" என்று கேட்டார். இடித்தது ஒரு வேன் என்று பெட்ரோல் பங்க் கேமராவில் தெரிந்துவிட்டது. தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை. அப்பாவிடம் நடந்ததைச் சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை. அவர் முகம் தெரிகிற மாதிரி ஆஸ்பத்திரி கேமரா படம் ஒன்று மாமா பையனிடம் இருக்கிறது. அதை வாட்ஸ்அப்பில், பேஸ்புக்கில் போட்டுத் தேடலாமா? கண்டுபிடித்தால் எவ்வளவு பணம் கொடுப்பது?
— பெயர் வேண்டாம், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

அப்பா பிழைத்துவிட்டார் என்பதே முதலில் பெரிய நிம்மதி. உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த மஞ்சப்பையில்தான் கண் போய் நின்றது. நடுரோட்டில், இருட்டுகிற நேரத்தில், சுற்றிலும் லாரிகள் பறக்கும்போது, இன்னொரு மனுஷனுடைய செருப்பு இரண்டையும் தேடி எடுத்திருக்கிறார். கண்ணாடி கீறிவிடக்கூடாதே என்று தன் கர்சீப்பைச் சுற்றியிருக்கிறார். அவருக்கு அவசரமும் இருந்தது, நிதானமும் இருந்தது.

படத்தைப் போடலாமா என்று கேட்டீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். மாமா பையனிடமிருந்தும் அதை அழித்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் "எங்கள் அப்பாவைக் காப்பாற்றியவர்" என்று எழுதித்தான் அனுப்புவீர்கள். நாலு குரூப் தாண்டுவதற்குள் எழுத்து உதிர்ந்து படம் மட்டும் மிஞ்சும். ரத்தக் கறைச் சட்டை, ஆஸ்பத்திரி வாசல், விபத்து. பார்க்கிறவன் என்ன முடிவுக்கு வருவான்? உங்கள் தம்பி எந்த முடிவுக்கு வந்தானோ அதே முடிவுக்குத்தான். ஒரு தடவை நாலு பேர் முன்னால் நடந்தது அப்புறம் நாற்பதாயிரம் பேர் முன்னால் நடக்கும்.

இன்னொன்றும் உண்டு. தன்னை யார் என்று சொல்லாமல் போக அவருக்கு உரிமை இருக்கிறது. இது என் அபிப்பிராயம் இல்லை, சட்டமே அப்படித்தான். 2007இல் டெல்லியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் அடிபட்டு ரோட்டோரம் கிடந்தான். போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டே போக, ரத்தம் போய்ச் செத்துப்போனான். அவனுடைய உறவினர் பியூஷ் திவாரி அந்த வேதனையில் தொடங்கிய சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் உச்ச நீதிமன்றம் வரை போனது. விபத்தில் உதவுகிறவர்களைக் காப்பாற்றும் வழிமுறைகளை எல்லாரும் பின்பற்றியே ஆக வேண்டும் என்று 2016 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்ற பிரிவையே சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவப்போய், ஏதோ தவறி, அடிபட்டவருக்கு ஒன்று ஆகிவிட்டாலும் உதவியவர் மேல் வழக்குக் கிடையாது. 2020இல் வந்த விதிகள் இன்னும் தெளிவு: பெயர், முகவரி, போன் நம்பர் சொல்லச் சொல்லி போலீஸோ ஆஸ்பத்திரியோ அவரை வற்புறுத்தக் கூடாது. அவராக விரும்பிச் சாட்சி சொன்னால் ஒரே தடவைதான் விசாரிக்க வேண்டும். இந்த உரிமைகளை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் வாசலில் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும் என்றுகூட விதி சொல்கிறது. அதனால் 108இல் போய் அவர் நம்பரைக் கேட்காதீர்கள். போலீஸில் தெரிந்தவர் மூலம் பைக் நம்பரை எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதுவும் வேண்டாம்.

அப்படியானால் சும்மா இருந்துவிடுவதா? இல்லை. செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்று அப்போதுதான் புரியும்.

என் அப்பா அரிசி மண்டியில் கணக்கு எழுதினார். எனக்குப் பத்து வயதிருக்கும். ஒருநாள் மண்டியிலிருந்து சைக்கிளில் வரும்போது, திருப்பத்தில் பஸ் இடித்து ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் விழுந்துகிடந்தானாம். அப்பா அவனைத் தூக்கி ரிக்ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். செய்தி கேட்டு ஓடிவந்த பையனின் சித்தப்பா, உங்கள் தம்பி செய்ததையேதான் செய்தார். அப்பா ராத்திரி வீட்டுக்கு வந்தார். யாரோடும் பேசவில்லை. கிணற்றடியில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வேட்டியைத் தானே கசக்கினார். அம்மா சோப்பை நீட்டினாள், வாங்கிக்கொண்டார். லாந்தர் வெளிச்சத்தில் தண்ணீர் சிவப்பாக ஓடியதை நான் திண்ணையில் நின்று பார்த்தேன். பையன் நன்றாகிவிட்டான் என்று பிறகு காதில் விழுந்தது. அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

அப்பா அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் சைக்கிள் ஓட்டினார். ரோட்டில் கூட்டம் கூடியிருந்தால் இறங்குவார், ஸ்டாண்டு போடுவார், கூட்டத்தின் கடைசி வரிசையில் போய் நின்று எட்டிப் பார்ப்பார். முன்னால் போகமாட்டார். அவர் பயந்த ஆள் இல்லை. ஆனாலும் அந்தக் கடைசி வரிசையை விட்டு அவரால் நகர முடியவில்லை.

உங்கள் அப்பாவைக் காப்பாற்றியவர் அந்தக் கடைசி வரிசைக்குப் போய்விடக் கூடாது. எனக்கு இருக்கிற கவலை அது ஒன்றுதான். அவர் தினமும் அந்த ரோட்டில் போகிறவராக இருந்தால், இன்னொரு நாள் இன்னொருவர் அங்கே கிடக்கலாம்.

அதனால் நன்றி சொல்வதை ஒரு ஓரமாக வையுங்கள். முதலில் அவர் மேல் விழுந்த பழியை எடுக்க வேண்டும், அது எங்கே விழுந்ததோ அங்கேயே. உங்கள் தம்பி கத்தியதை நர்ஸ் கேட்டிருப்பார், வாசல் செக்யூரிட்டி கேட்டிருப்பார், அவசரப் பிரிவில் வேறு நோயாளிகளோடு வந்தவர்கள் கேட்டிருப்பார்கள். அத்தனை பேருக்கும் அந்த மனுஷர் இன்றைக்கும் "இடித்துவிட்டுக் கொண்டுவந்து சேர்த்தவர்"தான். தம்பி அதே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். அன்றைக்கு டியூட்டியில் இருந்தவர்களைக் கேட்டுப் பார்த்து, "அவர் இடிக்கவில்லை, காப்பாற்றினார், நான்தான் தெரியாமல் அடித்துவிட்டேன்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லட்டும். நாக்கு கூசும். கூசினாலும் சொல்லட்டும்.

அடுத்தது ஸ்டேஷன். அன்றைய பதற்றத்தில் தம்பி வாயால் சொன்னது எந்தக் காகிதத்தில் ஏறியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. விபத்து வழக்கு பதிவான காவல் நிலையத்தில், ஆம்புலன்ஸில் கூட வந்தவருக்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை, அவர் உதவியவர் என்று ஒரு மனு எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள். அவர் என்றைக்காவது தேடி வந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று உங்கள் நம்பரையும் அதில் எழுதுங்கள். உதவுகிறவர்களுக்கு அரசுப் பரிசும் உண்டு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்ததிலிருந்து, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பதோடு, கொண்டுவந்து சேர்த்தவருக்கு 5,000 ரூபாய் தரும் ஏற்பாடும் இருக்கிறது. மத்திய அரசு தன் பரிசுத் தொகையை 2025இல் 25,000 ஆக உயர்த்தியது. பெயர் கொடுத்தால்தான் இதெல்லாம் கிடைக்கும். வேண்டுமா வேண்டாமா என்பது அவர் பாடு.

இப்போது அவரைத் தேடுவதற்கு வருகிறேன். ஒரு விஷயத்தை நீங்கள் யாரும் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் பைக்கில் வந்தார், ஆம்புலன்ஸில் போனார். பைக் ரோட்டிலேயே நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து அவ்வளவு தூரமும், அறை வாங்கின கன்னத்தோடு, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறித்தான் திரும்பி வந்திருப்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்திருப்பார். (இதை நினைத்து நினைத்துத்தான் நான் ராத்திரி விளக்கை அணைக்க முடியாமல் இருந்தேன்.) ஆனால் வழியும் இதில்தான் இருக்கிறது. நாலுவழிச் சாலையோரம் மணிக்கணக்கில் ஒரு பைக்கை யாரும் அநாதையாக விட்டுப்போகமாட்டார்கள். பக்கத்து டீக்கடையிலோ பஞ்சர் கடையிலோ "பார்த்துக்கங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் ஏறியிருப்பார். திரும்பி வந்தபோது முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தவர் ஒருவர் அங்கே இருப்பார்.

விபத்து நடந்த அதே நேரத்துக்கு அந்த இடத்துக்குப் போங்கள். தினமும் வேலை முடிந்து அந்த வழியாகத் திரும்புகிறவர் என்றால் அந்த நேரத்தில்தான் வருவார். கடைக்காரரிடம் பெயரோ ஊரோ கேட்காதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள். "அவர் வந்தால், பெரியவர் பிழைத்துவிட்டார், கேட்டுக்கொண்டே இருக்கிறார், அடித்த பையன் மன்னிப்புக் கேட்க வந்திருந்தான் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை போகலாம். மூன்றாவது தடவை வேண்டாம். செய்தி அவர் காதுக்குப் போய்விட்டால் போதும். கூப்பிடுவதும் கூப்பிடாமல் இருப்பதும் அவர் இஷ்டம்.

அவர் கூப்பிட்டால் தம்பிதான் பேச வேண்டும். நீங்கள் போனை வாங்கிச் சமாளிக்காதீர்கள். "அண்ணே, தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க" என்பது போதும். அப்பாவைப் பார்த்த பதற்றம், பயம் என்று காரணம் அடுக்க வேண்டாம். அது அவருக்கே தெரியும். அதனால்தான் அன்றைக்குத் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை.

பணம் கொடுக்காதீர்கள். 4,300 ரூபாயை எண்ணாமல் கொண்டுவந்து கொடுத்தவரிடம் என்ன தொகையைச் சொல்லி நீட்டுவீர்கள்? அவர் வீட்டுக்கு வரச் சம்மதித்தால் வாழை இலை போட்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும். ஒரு நல்ல சட்டை எடுத்துக் கொடுங்கள். அதை அவர் மறுக்கமாட்டார் என்று என் மனசு சொல்கிறது.

தம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனுக்குச் சோறு இறங்காமல் போகாது. வீட்டில் யாரும் இனி அவனைக் குத்திப் பேச வேண்டாம். கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் மனசு அரிக்கத்தான் செய்யும். முதலுதவி கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். செஞ்சிலுவைச் சங்கத்திலும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலும் வகுப்பு நடத்துகிறார்கள். பாய்கிற ரத்தத்தைச் சுத்தமான துணி வைத்து விடாமல் அழுத்துவது, கழுத்தை அசைக்காமல் பிடிப்பது, அடிபட்டவர் வாயில் தண்ணீர் ஊற்றாமல் இருப்பது, இதெல்லாம் இரண்டு நாளில் படிந்துவிடும். தலையை இரண்டு கையாலும் பிடித்தார் என்று அப்பா சொன்னாரே, அது எவ்வளவு சரியான காரியம் என்று அங்கே போனால் தம்பிக்கே புரியும்.

கடைசியாக, அப்பாவிடம் மறைப்பது. இதுதான் எனக்கு ஒப்பவே இல்லை. அப்பாவுக்கு அதிர்ச்சியாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். "அந்தத் தம்பி எங்கே" என்று அவர் கேட்பதும் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இரண்டு மாதம் போயிருக்கிறது. வீட்டில் ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அதோடு, ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த மனுஷரோடு பேசிக்கொண்டிருந்தவர் இந்த உலகத்தில் உங்கள் அப்பா ஒருவர்தான். மாட்டைப் பற்றி ஒருவர் கேட்க, ஒருவர் மட்டும் பதில் சொல்கிற பேச்சு எங்கேயாவது உண்டா? "எங்க வீட்லயும் ஒரு செவலை நிக்குதுங்கய்யா" என்று அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். எந்தச் சந்தையில் வாங்கியது, எந்த டெப்போவுக்குப் பால் ஊற்றுகிறார் என்று ஏதோ ஒன்று அப்பாவின் நினைவில் கிடக்கும். நீங்கள் பயந்துகொண்டு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிட்டு முடித்ததும், தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்து, நடந்ததை அவன் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அப்பா திட்டுவார், திட்டட்டும். திட்டி முடித்ததும், அந்தத் தம்பி மாட்டைப் பற்றி என்னென்ன பேசினார் என்று கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா