புகையே வரலன்னா கார்பனும் வரலயா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பைக் பிஎஸ்-6 (அரசு வச்ச புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செஞ்சது), போன வாரம்தான் எமிஷன் டெஸ்ட் எடுத்தேன், பாஸ். சைலன்சர்ல விரல் வச்சு தேச்சா கூட கரி ஒட்டல. அப்புறமும் வண்டிதான் பூமிய சூடாக்குதுன்னா எப்படி சார்? (ஈரோடு வாசகர்)

பதில்: வண்டிய இவ்ளோ அக்கறையா வச்சிருக்கீங்க, சந்தோஷம். ஆனா அந்த டெஸ்ட்ல எதுக்கு லிமிட் வச்சிருக்காங்கன்னு பாருங்க, பெட்ரோல் வண்டின்னா முக்கியமா கார்பன் மோனாக்சைடு, எரியாம வெளிய வர்ற ஹைட்ரோகார்பன், டீசல்னா புகை எவ்ளோ அடர்த்தின்னு பாப்பாங்க, அவ்ளோதான். பூமிய சூடாக்குற கார்பன் டை ஆக்சைடுக்கு அங்க லிமிட்டே கிடையாது. அது கண்ணுக்கும் தெரியாது, வாசமும் இல்ல. இன்னும் சொல்லப்போனா சைலன்சர் பக்கம் இருக்குற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரோட வேலையே மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் கார்பன் டை ஆக்சைடாவும் தண்ணியாவும் மாத்தி அனுப்புறதுதான். எவ்ளோ சுத்தமா எரிச்சாலும் பெட்ரோல்ல இருக்குற கார்பன் அந்தக் குழாய் வழியாத்தான் வந்தாகணும்.

கணக்கு போட்டா பகீர்னு இருக்கும். 1 லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான், அதுல கார்பன் சுமார் 630 கிராம், எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காத்துலேருந்து ரெண்டு ஆக்சிஜன் அணுவ சேத்துக்கிட்டு போறதால வெளிய வர்ற கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட 2.3 கிலோ! டீசல்னா 2.7 கிலோ. நீங்க தினம் 30 கிமீ, வருஷத்துக்கு 300 நாள் ஓட்டுறீங்க, லிட்டருக்கு 50 கிமீ குடுக்குதுன்னு வச்சுக்கிட்டா வருஷத்துக்கு 400 கிலோவுக்கு மேல ஆகுது, அதுல ஒரு பங்கு நூத்துக்கணக்கான வருஷம் காத்துலயே நிக்கும். ஹவாய்ல மௌனா லோவா மலையில 1958ல காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைட அளக்க ஆரம்பிச்சப்ப பத்து லட்சத்துக்கு 315 பங்கு மாதிரி இருந்துச்சு, இப்ப 420ஐ தாண்டியாச்சு.

அதுக்காக டெஸ்ட் வேஸ்ட்னு விட்டுடாதீங்க. அது நம்ம நுரையீரலுக்கானது. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்தப்ப எரிபொருள்ல கந்தகத்த 50 பிபிஎம்லேருந்து (பத்து லட்சத்துக்கு 50 பங்கு) 10 பிபிஎம்முக்கு இறக்குனது ரொம்ப நல்ல காரியம்.

கேள்வி: வண்டிப் புகையாலதான் ஓசோன் படலத்துல ஓட்டை விழுதா? (மதுரை வாசகி)

பதில்: இல்லம்மா. அந்த ஓட்டைக்கு முக்கியக் காரணம் பழைய ஃப்ரிட்ஜ், ஏசியில இருந்த சிஎஃப்சி வாயு, அத கட்டுப்படுத்தத்தான் 1987ல மாண்ட்ரியல் ஒப்பந்தம் போட்டாங்க. வண்டி செய்யிறது வேற தப்பு, அது கீழ ஓசோன உண்டாக்குது. புகையில வர்ற நைட்ரஜன் ஆக்சைடும் ஹைட்ரோகார்பனும் வெயில்ல வினைபுரிஞ்சா நாம சுவாசிக்கிற உயரத்துலயே ஓசோன் உருவாகும், ஆஸ்துமா இருக்குறவங்கள ரொம்பப் படுத்திடும். 1950கள்ல லாஸ் ஏஞ்சல்ஸ் மூட்டத்த ஆராய்ஞ்சு இத வெளிய கொண்டு வந்தவர் ஹாகன்-ஸ்மிட்ங்கிற வேதியியல்காரர். நம்ம ஊர் சித்திரை வெயில்ல சாயங்காலம் வாக்கிங் போறத விட விடியக்காலையில போறது நல்லதுன்னு சொல்றது இதுக்காகவும்தான்.

கேள்வி: கரண்டே நிலக்கரியிலதான் வருது, அப்ப எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கி என்ன பிரயோஜனம்? (கோவை வாசகர்)

பதில்: பிரயோஜனம் இருக்குங்க. 100 கிமீ ஓட சார்ஜிங் நஷ்டத்தோட சேத்து மூணரை யூனிட்னு வைங்க, நம்ம நாட்டு மின்சாரத்துல யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக 2.5 கிலோ. பெட்ரோல் ஸ்கூட்டர் 45 கிமீ குடுத்தா அதே தூரத்துக்கு 5 கிலோ. பேட்டரி செய்யிறப்பவும் கார்பன் வெளிய வருது, அதனால நிறைய ஓட்டுறவங்களுக்குத்தான் முழுப் பலன்.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். லிட்டருக்கு 4 கிமீ குடுக்குற டீசல் டவுன் பஸ் 100 கிமீ ஓடுனா 67 கிலோ வருது, ஆனா 50 பேர் ஏறியிருந்தா தலைக்கு 1.3 கிலோதான், உங்க எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல பாதி! ஸ்கூட்டருக்கு மானியம் குடுக்குறதுல காட்டுற வேகத்த கூடுதல் பஸ் விடுறதுலயும் காட்டணும், முக்கா மணி நேரம் நின்னாலும் பஸ் வரலன்னா ஜனங்க லோன் போட்டாவது வண்டி வாங்கத்தான் செய்வாங்க, அவங்கள குத்தம் சொல்ல என்னால முடியாது.

கேள்வி: சிக்னல்ல எஞ்சின ஆஃப் பண்ணா மறுபடி ஸ்டார்ட் பண்ண பெட்ரோல் ஜாஸ்தி ஆகும்ங்கிறாங்களே? (சென்னை வாசகர்)

பதில்: கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இப்ப வர்ற வண்டியில ஸ்டார்ட்டுக்கு ரொம்பக் கொஞ்சம்தான் செலவாகும். டைமர்ல அரை நிமிஷத்துக்கு மேல காட்டுச்சுன்னா தாராளமா ஆஃப் பண்ணுங்க.